இரண்டு மணிக்கொரு முறை

நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கும் மேசைக்கு ஒரு கால் குட்டை. எழுதும்போது ஆடுகிறது. ஜன்னல் ஓரத்தில் கிடந்த அட்டையை எடுத்து நான்காக மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்துவிட்டேன், இப்போது பரவாயில்லை. எத்தனையோ பேர் இதே மேசையில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதியிருப்பார்கள். எத்தனையோ அதிகாரிகள் இதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேள்வி கேட்டிருப்பார்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. பெரும்பாலான மனிதர்கள் ஆடுகிற மேசையோடு குடித்தனம் நடத்தப் பழகியவர்கள். நான் அந்த ரகம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று நீங்கள் பேசியதெல்லாம் ஒரு திருட்டைப் பற்றி. அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மூவாயிரம் வருடத்து எலும்புக்கூட்டில் ஓர் எலும்பு அதனுடையது இல்லை. அசல் எலும்பு என் அலுவலக அலமாரியின் மூன்றாவது தட்டில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைத் திறந்த உங்கள் ஆள் கையுறை போட்டுக்கொள்ளவில்லை. மண்ணுக்குள் அவ்வளவு காலம் கெடாமல் இருந்த பொருளின் மேல் இப்போது ஒரு காவலரின் கை வியர்வை இருக்கிறது. போகட்டும்.

பெட்டிக்குள் என் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்ததைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு, எடுத்த தேதி, 'காட்சிக் கூட்டிலிருந்து நீக்கப்பட்டது' என்ற குறிப்பு, கீழே என் கையொப்பம். "தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிற திருடனை இப்பத்தான் சார் பாக்கறேன்" என்றீர்கள். ஒரு பொருளைச் சீட்டில்லாமல் வைக்க எனக்குத் தெரியாது. அதைத் தூளாக்கிக் குப்பையில் போடுவது என்பது நினைத்தே பார்க்க முடியாத காரியம். நான் காட்டுமிராண்டி இல்லை.

அப்புறம் கேட்டீர்கள்: "அப்ப மாத்தி வெச்ச எலும்பு யாரோடது?" நேற்று நான் பதில் சொல்லவில்லை. இன்று காலை நீல அட்டை போட்ட அந்த நோட்டை மேசையில் கொண்டுவந்து வைத்தீர்கள். அதில் கடைசிப் பன்னிரண்டு பக்கங்கள் உங்களுக்குப் புரியவில்லை என்றீர்கள். மற்ற பக்கங்கள் புரிந்துவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடைசிப் பக்கங்களுக்குக் கடைசியில் வருகிறேன்.

என் தொழிலைப் பற்றி உங்களுக்கு இருக்கும் எண்ணம் பத்திரிகைக்காரர்களுக்கு இருப்பதுதான். குழி தோண்டினால் தங்கம் வரும், ராஜா வருவார், பெருமை வரும். அமைச்சர்கள் வந்தால் "நம்ம ஆளுங்க அப்பவே எப்படி வாழ்ந்திருக்காங்க பாருங்க" என்று வாயைப் பிளப்பார்கள். நான் முப்பத்தொரு வருடம் அந்தப் பழைய மனிதர்களின் குப்பையைக் கிளறியவன். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று எனக்குத் தெரியும். கிணற்றுக்கு நாலடி தள்ளிக் கழிவைக் கொட்டினார்கள். கூரை எரிந்தால் அதே இடத்தில் அதே மாதிரிக் கட்டி மறுபடியும் எரியவிட்டார்கள். ஒரே மேட்டில் ஒன்பது முறை எரிந்திருக்கிறது. ஒன்பது சாம்பல் அடுக்கு. எட்டாவது முறையாவது அடுப்பைத் தள்ளி வைப்போம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. இவர்களைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் புத்திசாலிகள் என்று நான் நினைத்தேன். ஒன்பது வருடத்துக்கு முன் அதைப் புத்தகமாகவே எழுதினேன். அந்த மேட்டில் நாங்கள் எடுத்த இருநூற்றுப் பதின்மூன்று எலும்புக்கூடுகளில் நீண்ட காலம் படுத்துக் கிடந்தவன் என்று ஒருவன்கூட இல்லை. நடக்க முடியாதவர்களை அவர்கள் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சுமையை இறக்கி வைத்ததால்தான் பிழைத்தார்கள். நாகரிகம் என்பதே சுமையை இறக்கி வைக்கத் தெரிந்ததுதான். இதுதான் என் முடிவு. புத்தகம் நான்கு மொழிகளில் வந்திருக்கிறது. மனம் புண்பட்டவர்கள் நிறையக் கடிதம் போட்டார்கள். மனம் புண்படுவது ஒரு வாதமாகாது.

இரண்டு வருடத்துக்கு முன் பதினான்காம் குழியில் இருநூற்றுப் பதினான்காவது ஆள் கிடைத்தான். பக்கவாட்டில் ஒருக்களித்து, கன்னத்துக்குக் கீழே தட்டையான கல்லோடு. குழி வெட்டுகிறவர்கள் பார்த்தவுடனே "நல்லா சொகுசாத் தூங்கறாரு" என்றார்கள். சொகுசு என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியிருந்தன. கைகால் எலும்புகள் பென்சில் மாதிரி மெலிந்திருந்தன. கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் இருபது வருடமாவது கிடந்திருக்கிறான் என்பது எனக்கு இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஒருவன்தானே, விதிவிலக்கு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

என் ஆய்வு உதவியாளரை எல்லோரும் சல்லடை என்பார்கள். எதையும் கீழே விடமாட்டாள் என்பதால். அவள் குழிக்குள் முட்டி போட்டபடி, தூரிகையைக் கீழே வைக்காமல் என்னைக் கூப்பிட்டாள்.

"சார், முக்கோணத்தைப் பாருங்க. சுத்தமா இருக்கு."

முதுகெலும்பு முடிகிற இடத்தில், இரண்டு இடுப்பெலும்புகளுக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்தில் ஓர் எலும்பு உண்டு. புத்தகத்தில் அதற்கு வேறு பெயர். எங்கள் கிடங்கில் முக்கோணம். மல்லாந்தே கிடக்கிறவனுக்கு உடம்பின் பாரம் அந்த இடத்தில்தான் அழுத்தும். தோல் செத்துப் புண்ணாகும், புண் உள்ளே இறங்கும், கடைசியில் அந்த எலும்பையே அரித்துக் குழி குழியாக்கும். சொகுசின் எலும்பில் ஒரு புள்ளி இல்லை.

"யாரோ இவரைப் புரட்டிப் போட்டிருக்காங்க சார்" என்றாள். "தினமும். ரெண்டு மூணு மணிக்கு ஒரு தடவை. இருபது வருஷம்." சொல்லிவிட்டு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் மண். முப்பத்தைந்து வயதுப் பெண், முனைவர் பட்டம் வாங்கியவள், ஓர் எலும்பைப் பார்த்து அழுகிறாள். எனக்கு அருவருப்பாக இருந்தது.

"ஈர மண் அப்பியிருக்கு. கழுவின பிறகு பேசலாம்" என்றேன். அந்த எலும்பை மட்டும் நானே எடுத்துக்கொண்டேன். குழியில் எடுத்த படங்களும் என் பொறுப்பில்தான் இருந்தன.

இனி என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அண்ணன், அண்ணி, மாடியில் நான். அவர்களுடைய மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அண்ணன் ஸ்டூடியோ வைத்திருந்தவர். பதின்மூன்று வருடத்துக்கு முன் என் குழியை மேலிருந்து படமெடுக்க ஏணியில் ஏறினார். ஒரு மூலை படத்தில் விழவில்லை. "இன்னும் ஒரு படி ஏறுங்கண்ணா" என்றேன். ஏறினார். விழுந்து கழுத்து முறிந்தது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் படத்தில் மூலையும் சரியாக விழுந்திருந்தது. நல்ல படம். என் புத்தகத்தின் அட்டையில் இருப்பது அதுதான். அந்த விபத்துக்கும் என் புத்தகத்துக்கும் முடிச்சுப் போட்டு ஒருவர் கட்டுரை எழுதினார். சிந்திக்கத் தெரியாதவர்கள்தான் இப்படி முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அண்ணனுக்குக் கழுத்துக்கு மேலே எல்லாம் ஒழுங்காக இருந்தது. பேச்சு, சிரிப்பு, கிண்டல். கீழே ஒன்றும் இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. அண்ணி இரண்டு மணிக்கொரு முறை அவரைப் புரட்டிப் போடுவார். அதற்கென்று ஒரு சின்ன அலாரம். அந்த நீல நோட்டும் அதற்காகத்தான். இடப்பக்கம் என்றால் 'இ', வலப்பக்கம் 'வ', மல்லாக்க 'ம', எதிரே நேரம். அலமாரியில் அந்த மாதிரி நோட்டுகள் நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒரு மனுஷியின் ஆயுளில் பதினோரு வருடம் இப்படி மூன்று எழுத்துகளில் போய்விட்டது. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும். அந்தப் பதினோரு வருடத்தில் நான் ஒரு தடவைகூட அவரைப் புரட்டியதில்லை. எனக்கு ஆராய்ச்சி இருந்தது. அண்ணியும் கேட்டதில்லை.

தினமும் சாயங்காலம் நான் வந்தவுடன் அண்ணன் கேட்பார்: "இன்னைக்கு என்னடா கிடைச்சுது?" அன்றும் கேட்டார். நான் சொகுசைப் பற்றிச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"என்னை மாதிரி ஒருத்தனா? அப்பவேவா?" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியா, எங்க கட்சிக்கு மூவாயிரம் வருஷச் சரித்திரம் இருக்கு."

அண்ணி அவரை வலப்பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணையை அணைவாக வைத்துக்கொண்டிருந்தார். "அவனை யாரு தம்பி பாத்துக்கிட்டா?" என்றார்.

"தெரியாது அண்ணி."

"பாவம். அவளுக்கு அலாரம்கூட இருந்திருக்காது" என்றார் அண்ணி. நோட்டை எடுத்து 'வ' போட்டார்.

எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவர், ஓர் எலும்பைக்கூடக் கையில் தொடாதவர், தலையணையைத் தட்டிக்கொண்டே என் இத்தனை வருட உழைப்பைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறார். கோபத்துக்கு அதுதான் காரணம். வேறு காரணம் எதையும் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டாம்.

அடுத்த மாதமே அண்ணியின் மகளுக்கு வயிற்றில் இரட்டைக் குழந்தை, படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி தவியாய்த் தவித்தார். இங்கே விட்டுப் போகவும் முடியவில்லை, அங்கே போகாமல் இருக்கவும் முடியவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஆறு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்தே எழுதுகிறேன், வெளியாள் எதற்கு என்றேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உங்களை நம்பித்தான் தம்பி போறேன்."

எப்படிப் புரட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். தோளையும் இடுப்பையும் ஒரே சமயத்தில் பிடிக்க வேண்டும், இழுக்கக் கூடாது, உருட்ட வேண்டும். நாற்பது விநாடி வேலை. எனக்கு உடனே வந்துவிட்டது.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு, செய்து பார்த்தல். பழைய கற்கோடரியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நாங்களே உட்கார்ந்து கல்லைத் தட்டிக் கோடரி செய்வோம். பானையைச் சுட்டு, உடைத்து, புதைத்து, ஒரு வருடம் கழித்துத் தோண்டிப் பார்ப்போம். கிடங்கில் இல்லாத ஒப்பீட்டுப் பொருளை உண்டாக்கிக்கொள்வது குற்றமில்லை, அது முறை. என் கையால் பதினெட்டுக் கோடரி செய்திருக்கிறேன். கைவிடப்பட்ட ஒருவனின் முக்கோண எலும்பு எப்படி இருக்கும் என்று காட்ட எங்கள் தொகுப்பில் ஒன்றுகூட இல்லை. வேறு எங்கும் கேட்டும் கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் எல்லோரையும் யாராவது ஒருவர் புரட்டிப் போட்டுவிடுகிறார்கள்.

அண்ணி கிளம்பிப் போன அன்று மத்தியானம் அண்ணனிடம், டாக்டர் புது மெத்தை ஒன்று சொல்லியிருக்கிறார், அதில் படுத்தால் புரட்டவே வேண்டாமாம் என்றேன். மெத்தையையும் வாங்கி வந்திருந்தேன். சாதாரண மெத்தைதான்.

"சரிடா. அப்ப அலாரம் எதுக்கு?"

"நோட்டு எழுதணுமே அண்ணா."

சிரித்துவிட்டார். "ஆமாமா, அவகிட்ட மெத்தை விஷயம் சொல்லிடாதே. நம்பமாட்டா. பொண்ணை அங்க விட்டுட்டு அடுத்த வண்டியில வந்து நிப்பா." மறைக்கச் சொன்னது அவர்தான். வரிசையாகச் சொல்லும்போது இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்றிலிருந்து அவர் மல்லாந்தே இருந்தார். அலாரம் அடிக்கும், நான் நோட்டில் எழுதுவேன். இ, வ, ம. காலை பதினோரு மணிக்கு அண்ணியின் போன் வரும். அண்ணனின் காதில் வைப்பேன்.

"இப்பத்தான் புரட்டிப் போட்டான்" என்பார் அண்ணன், கூரையைப் பார்த்தபடி. "சுவரைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். சுவர்ல ஒரு பல்லி. நல்லாப் பாத்துக்கறான்டி, உன்னைவிட நல்லா." எனக்குக் கண்ணடிப்பார்.

அவருக்கு வலி இல்லை. இதை நீங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை படுக்கைத் துணி மாற்றும் சாக்கில் நான் புண்ணை அளவெடுத்தேன். நீளம், அகலம், ஆழம். மூன்றாவது வாரம் நிறம் மாறியது. ஒன்பதாவது வாரம் எலும்பு தெரிந்தது. மற்ற விவரமெல்லாம் அலுவலகக் கணினியில் இருக்கிறது. யாரும் இதுவரை இவ்வளவு ஒழுங்காகப் பதிவு செய்ததில்லை.

"என்னடா ஒரு வாடை?" என்று அண்ணன் கேட்டார்.

"மாடியில எலும்புல தடவற பசைண்ணா. சட்டையில ஒட்டிக்கிட்டு வருது."

"நாத்தம் புடிச்ச தொழிலு" என்று சிரித்தார். அப்புறம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கூரையில் பதினேழு விரிசல் இருக்கிறது என்றார். எண்ணிப் பார்த்தேன், சரிதான்.

நான்காவது மாதத்தில் ஒருநாள், "உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லேன்டா, ஆள் வெச்சுக்கலாம். நான் அவகிட்ட சொல்ல மாட்டேன்" என்றார். ஒரு கஷ்டமும் இல்லை என்றேன். அது உண்மை.

சல்லடை வாரம் தவறாமல் போன் செய்வாள். "சார், முக்கோணம் எப்ப வரும்?" வரும், பசை ஊற வேண்டும், அவசரப்படாதே என்பேன். அவளும் நம்பினாள். என்னிடம் படித்தவர்கள் என்னை நம்புவார்கள்.

ஐந்தாவது மாதக் கடைசியில் காய்ச்சல் வந்தது. தெருமுனை டாக்டர் வந்தார். முன்பக்கமாக மார்பில் குழாயை வைத்துப் பார்த்தார். நுரையீரலில் சளி என்றார். இத்தனை வருடம் படுக்கையில் கிடந்தவருக்கு வருவதுதான் என்றார். முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆடுகிற மேசையைப் பற்றி முதலிலேயே சொன்னேன்.

அதற்கு மறுநாள் மத்தியானம் அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"சொகுசை யாரு பாத்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுதாடா?"

"யாரும் இல்லண்ணா."

"யாராவது இருந்திருப்பாங்கடா. நீ சரியாத் தேடலை" என்றார். அதன் பிறகு பேசவில்லை. இரண்டு நாளில் போய்விட்டார்.

அண்ணி வந்தார். அழுது முடித்த பிறகு, பழக்க தோஷம், அவர் கை தானாகப் போர்வைக்குள் அண்ணனின் முதுகுப் பக்கம் போனது. மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். "வேண்டாம் அண்ணி, இனிமே எதுக்கு?" என்றேன். கையை எடுத்துக்கொண்டார். பிறகு நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஐந்து மாதம்; ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குறிப்பு.

"ஒரு தடவைகூடத் தூங்கலையா தம்பி?"

"இல்லை அண்ணி."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் அப்போது நன்றி என்று எடுத்துக்கொண்டேன். அவருடைய பழைய நோட்டுகளைப் பிற்பாடுதான் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஓட்டை. '3.20, தூங்கிட்டேன்.' 'மழை, ஜன்னல் சாத்தப் போய் மறந்துட்டேன்.' 'காய்ச்சல், ஒரு மணி லேட்.' பக்கத்துக்கு ஒன்றாவது இருக்கும். ஒரு மண்ணடுக்கு கலப்பே இல்லாமல் சுத்தமாக இருந்தால், அது தானாகப் படிந்ததில்லை, யாரோ கொண்டுவந்து கொட்டியது என்று முதல் வருட மாணவர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். அந்த நோட்டைப் பாருங்கள் என்று உங்களிடம் சொன்னது அண்ணி என்று இப்போது தெரிகிறது. பாடம் கேட்காமலே சிலருக்கு வந்துவிடுகிறது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அண்ணன் தன் உடலை எங்கள் எலும்புத் தொகுப்புக்கு எழுதி வைத்திருந்தார். "செத்தாலும் உன் ஆபீஸ்லயே கிடக்கறேன்டா, தினமும் பாத்துக்கலாம்" என்று பல வருடத்துக்கு முன்னாலேயே சொல்லிக் கையெழுத்துக்குப் பதிலாகச் சாட்சி வைத்து எழுதியது. அண்ணியும் தடுக்கவில்லை. எலும்பெடுக்கிற வேலையை நானே செய்தேன்.

அந்த முக்கோணம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருந்தது. மேட்டு மண்ணிலும் கொதித்த தேயிலைத் தண்ணீரிலும் ஊறவைத்து நிறம் ஏற்றினேன். சொகுசின் இடுப்பெலும்புகளுக்கு நடுவே உட்காரும்படி இரண்டு பக்கமும் அரத்தால் கொஞ்சம் தேய்த்தேன். சல்லடையிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பார். மண் அப்பியிருந்ததால உனக்குத் தெரியலை. கடைசியில இவனையும் விட்டுட்டுத்தான் போயிருக்காங்க."

அவள் அந்தக் குழிகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "நான் பாத்தேனே சார்... சுத்தமா இருந்துச்சே."

"பாக்க ஆசைப்பட்டதைப் பாத்திருக்கே" என்றேன். அன்றும் அழுதாள், வேறு மாதிரி.

கண்காட்சி நன்றாக நடந்தது. சொகுசின் பெட்டிக்கு முன்னால் 'கைவிடப்பட்டவன்' என்று பலகை வைத்தோம். கூட்டம் கூட்டமாக வந்து உச்சுக்கொட்டினார்கள். அமைச்சர் கைக்குட்டையை எடுத்தார். "எப்படித்தான் மனசு வந்துதோ அந்தக் காலத்துல" என்று ஒரு அம்மா தன் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மீதி உங்களுக்குத் தெரியும். கூட்டை வேறொரு கண்காட்சிக்கு அனுப்பக் கட்டும்போது சல்லடை எலும்புகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். அந்த மூட்டு, பூட்டும் சாவியும் மாதிரி. ஒருவனுடையது இன்னொருவனுக்குப் பொருந்தாது. "சார், இது பொருந்தல" என்றாள். மூவாயிரம் வருடத்தில் சுருங்கியிருக்கும் என்றேன். தலையாட்டினாள். அரம் பட்ட கோட்டைப் பூதக்கண்ணாடியில் படமெடுத்து மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டாள். எப்படிப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவன் நான்.

ஆக, திருட்டு இல்லை. கண்ணாடிப் பெட்டியில் இருப்பது என் அண்ணனின் எலும்பு. அதில் இருக்கும் குழிகள் நான் ஐந்து மாதம் அவரைப் புரட்டாமல் விட்டதால் வந்தவை. விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் விட்டேன். அதனால்தான் அவர் செத்தார். சுற்றி வளைக்காமல் எழுதியிருக்கிறேன். கீழே கையெழுத்தும் போடுகிறேன்.

இப்போது அந்தக் கடைசிப் பன்னிரண்டு பக்கங்கள். அண்ணன் இறந்து ஏழு வாரம் கழித்து ஏன் மறுபடியும் இ, வ, ம என்று எழுதியிருக்கிறேன் என்று கேட்டீர்கள். செத்தவருக்கும் சேர்த்துப் பொய்க்கணக்கு எழுதியிருக்கிறான், மூளை குழம்பிவிட்டது என்று உங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அவசரப்படுகிறீர்கள்.

கழுவிய எலும்பை நிழலில் காயவைக்கும்போது ஒரே பக்கமாக விட்டால் அடியில் ஈரம் தங்கி வெடித்துவிடும். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் போட வேண்டும். அண்ணனுடைய இருநூற்றாறு எலும்புகளையும் மெத்தென்ற துணியில் பரப்பி, அந்த அறையிலேயே பாய் போட்டுப் பன்னிரண்டு நாள் இருந்தேன். அண்ணியின் அலாரத்தையே வைத்துக்கொண்டேன். இழுக்காமல், உருட்டி, இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாக்க. எட்டாம் நாள் பக்கத்தைப் பாருங்கள். ஒரே ஒரு தடவை கண்ணயர்ந்துவிட்டேன், அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்: '3.20, தூங்கிவிட்டேன்.' அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

ஆகவே குற்றப்பத்திரிகையில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அண்ணனைக் கவனிக்காதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் அவரைப் புரட்டிப் போட்டிருக்கிறேன், நோட்டில் இருக்கிறது.